ஸுல்பிகாவின் ஒற்றைப் பிரதி

கிண்ணியாவில் ஒரு கலியாணம் என்றால் அது இரண்டு கலியாணம். வெளியே பந்தலில் ஆண்களுக்கு ஒன்று நடக்கும். அங்கே எல்லோரும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சோற்றுச் சஹன் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே பெண்கள் பக்கத்தில் நடப்பதுதான் அசல் கலியாணம். அங்கே முக்காடும் இல்லை, வெட்கமும் இல்லை. குரவை போடுவார்கள், கைதட்டிப் பாடுவார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பவள் நடுவில் இறங்கி ஒரு ஆட்டம் போடுவாள். அந்தப் பக்கத்தைப் படம் பிடிப்பவர்கள் நாங்கள் இருவர். நான் நிப்லா, கமரா என் வேலை. அதை வெட்டி ஒட்டி வீடியோவாக்குகிறவள் ஸுல்பிகா. இது அவளுடைய கதை. ஆனால் சொல்வது நான் என்பதால் நடுவில் அடிக்கடி வாயைவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸுல்பிகாவிடம் ஒரு சட்டம் உண்டு. பிரதி ஒன்றே ஒன்றுதான். கலியாணத்தன்றே கமராவின் மெமரி கார்டில் இருப்பதைத் தன் லப்டொப்பில் ஏற்றிக்கொண்டு, பெண்ணின் தாய் பார்த்திருக்கக் கார்டை அழித்துவிடுவாள். வீடியோவைக் கொடுக்கும் நாளில் லப்டொப்பில் உள்ளதையும் அதே தாயின் கண் முன்னால் அழிப்பாள். வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றுகூட அவள் வீட்டில் கிடையாது. இருந்தால், அதற்குள்ளே யார் வீட்டுப் பெண்கள் என்று எவளாவது கேட்பாள். ஆடிய பெண்களின் மானம் தன் கையில் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. பெரிய ஸ்டூடியோக்களை விட்டுவிட்டு ஊர் இவளைத் தேடி வருவதற்குக் காரணமும் அதுதான். கணினி தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த ஒன்று போனால் எல்லாம் போயிற்று என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படி இருந்தாள்.

லப்டொப் அவளுடையதல்ல, அவள் கணவர் முனீப் நானாவுடையது; நானா என்றால் எங்களுக்கு அண்ணன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஆகவே வீடு ஸுல்பிகாவுடையது, வளவும் கிணறும் ஸுல்பிகாவுடையவை, முற்றத்து மாமரமும் அவளுடையது. துறையில் படகு இயந்திரம் திருத்துகிற முனீப் நானா கொண்டுவந்த ஒரே சொத்து அந்த லப்டொப். வேலை தொடங்கியபோது, அந்தப் பழைய யந்திரத்தில் வீடியோ வெட்டுவதற்கு லினக்ஸ்தான் சரிவரும் என்று ஸுல்பிகா முடிவு செய்தாள். தன் விண்டோஸை விடமாட்டேன் என்று நானா அடம்பிடித்தார். கடைசியில் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பாதி அவருக்கு, பின்பாதி அவளுக்கு. அவர் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் விளையாட்டும் கொஞ்சம் எஞ்சின் படங்களும் இருந்தன. மற்றதெல்லாம் வெறும் தரிசு.

"கொஞ்சம் இடம் தாங்களன்" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"இந்த வளவில எனக்கெண்டு இருக்கிறது அது ஒண்டுதான்" என்பார் அவர். "அதிலயும் வேலியைத் தள்ளிக்கொண்டு வாறீங்களா?"

அப்படி இருக்கையில்தான் றஹ்மா மாமியின் மகள் ஷிஃபானாவின் கலியாணம் வந்தது. றஹ்மா மாமியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண்கள் பக்கத்து வாசலில் ஓலைப்பெட்டியோடு நின்று, வருகிற ஒவ்வொருத்தியின் கைப்பேசியையும் பறித்துப் போட்டவர் அவர். மாப்பிள்ளையின் தாய் தயங்கி நின்றபோது, "சம்பந்தியெண்டா பெட்டியில மேல வைக்கிறன்" என்று சொல்லி அவருடையதையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு இருந்த கும்மாளம் அதற்கு முன் எந்தக் கலியாணத்திலும் இருந்ததில்லை. கமரா பிடித்த நானே இரண்டு தடவை ஆடிவிட்டேன்.

கலியாணம் முடிந்து, மாப்பிள்ளையோடு ஷிஃபானா கட்டாருக்குப் பறக்கிற நாள் நெருங்கியது. நாளைக்குப் பயணம் என்றால் இன்றைக்கு மாலையில் வீடியோ கையில் இருக்க வேண்டும். வெட்டுதல் ஒட்டுதல் எல்லாம் முடிந்திருந்தது. முழுவதையும் ஒரே வீடியோவாக எழுதச் சொல்லி ஸுல்பிகா பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் ஓடிவிட்டு யந்திரம் நின்றது. இடம் போதாதாம்.

"நானாவுக்கிட்டதானே இடம் குமிஞ்சு கிடக்கு" என்றேன். "அங்க எழுது. குடுத்த பிறகு அழிச்சிரு."

"பொம்புளையள்ர பக்கத்தை ஆம்பிளைர பக்கத்தில வைக்கச் சொல்றியா?" என்று அவள் என்னை முறைத்தாள்.

ஆகவே வேலியைத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லை. முனீப் நானா கதவு நிலையில் சாய்ந்து நின்று ஒரு மூச்சு நியாயம் பேசினார். ஷிஃபானாவின் பயணத்தைச் சொன்னதும் தணிந்தார். றஹ்மா மாமியின் பெயரைச் சொன்னதும் முழுவதாக இறங்கினார். "பாதியை எடுங்க. என்ர கிரிக்கட் மட்டும் பத்திரம்."

கேட்க லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் காரியம் அப்படியல்ல. அவர் பகுதியின் கடைசி ஓரத்தைச் சுருக்குவது பெரிய வேலை இல்லை. அங்கே ஒன்றும் இல்லை. அப்படி விடுபடுகிற இடம் ஸுல்பிகாவின் பகுதிக்கு முன்னால் கிடக்கும். அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், அவளுடைய பகுதியில் இருக்கிற ஒவ்வொன்றையும் தூக்கி முன்னே நகர்த்த வேண்டும். குடியிருக்கிற வீட்டைச் சாமானோடு இழுத்து வைப்பதுபோல. இழுத்துக்கொண்டிருக்கும்போது யந்திரம் நின்றால் வீடு பழைய இடத்திலும் இருக்காது, புது இடத்திலும் இருக்காது. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை, வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வை என்பதுதான்.

அவள் எடுக்கமாட்டேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்ததும் அதைத்தான்.

"என்ர தம்பிர டிஸ்க்கைக் கொண்டாறன்" என்றேன். "எடுத்துப்போட்டுப் பின்னேரம் அழிச்சிருவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் ஸுல்பிகா. சொல்லிவிட்டு றஹ்மா மாமிக்கு ஃபோன் எடுத்தாள். இவளோடு கூட்டு வேலை செய்வதில் இதுதான் கஷ்டம். ஒரு சின்னக் கள்ளத்தைக்கூட நிம்மதியாகச் செய்ய விடமாட்டாள்.

மாமி அரக்கப் பரக்க வந்து சேர்ந்தார். கறுப்புக் கைப்பைக்குள் ஷிஃபானா கொண்டுபோவதற்கென்று வாங்கிய புது ஹார்ட் டிஸ்க் இருந்தது. விஷயத்தை முழுவதும் கேட்டார். கதிரையில் அமர்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, தீர்ப்புச் சொன்னார்.

"கொப்பி எடுங்க. ஆனா அது என்ர மடியிலதான் இருக்கும். வேலை முடியிற வரைக்கும் நானும் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

ஸுல்பிகா அந்தக் கலியாணக் கோப்புறையை முழுதாக டிஸ்க்கில் இறக்கினாள். இறக்கியதோடு விடவில்லை. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி யந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தாள். ஒன்றும் பிசகவில்லை என்று வந்த பிறகுதான் டிஸ்க்கைக் கழற்றி மாமியிடம் நீட்டினாள். மாமி அதைக் கைப்பைக்குள் போட்டு, ஸிப்பை இழுத்து மூடி, பையை மடியில் அணைத்துக்கொண்டார்.

"வீடியோவையும் நேரா அந்த டிஸ்க்கிலயே எழுதினா என்ன?" என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

"எழுதிக்கொண்டிருக்கேக்க வயரில ஆர்ரயாவது கால் தட்டுப்பட்டா வீடியோவும் கொப்பியும் ரெண்டும் கெட்டுப் போயிரும். அடுத்த கிழமைக் கலியாணத்துக்கும் இதே பிரச்சினைதான் வரும். ஒருக்காச் செய்து முடிப்பம்." அவள் ஏற்கனவே எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

ஓடிக்கொண்டிருக்கிற லினக்ஸால் தான் குடியிருக்கிற பகுதியைத் தானே நகர்த்த ஏலாது என்பதால், ஒரு பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸைக் கிளப்பினாள். நானாவின் பகுதியைச் சுருக்கப் போனால் கருவி மாட்டேன் என்றது. விண்டோஸ் முறையாக அணைக்கப்படவில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கிறது என்று குறைசொன்னது. நானா லப்டொப்பை ஒருநாளும் ஒழுங்காக அணைக்கிறவர் இல்லை. மூடியை டப்பென்று மூடிவிட்டுத் துறைக்கு ஓடுகிறவர். கூப்பிட்டு, அவர் கையாலேயே திறந்து முறையாக அணைக்க வைத்தோம். தொட்டிலில் கிடக்கிற குழந்தையை உறங்கவைப்பதுபோல அவர் அதை அணைத்தார்.

அடுத்தது மின்சாரம். லப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைச் சொன்னதும் நானாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. துறைக்கு ஓடிப் படகுப் பற்றரி ஒன்றையும் இன்வேட்டர் ஒன்றையும் சுமந்துகொண்டு வந்து இணைத்தார். இனி ஊர் முழுக்க இருண்டாலும் இந்த லப்டொப் அணையாது என்று நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் எங்களுக்கு அவர் ஒரு கப்டனாகவே தெரிந்தார்.

அவருடைய பகுதி பிசகில்லாமல் சுருங்கியது. ஸுல்பிகாவின் பகுதி நகரத் தொடங்கியது. கட்டிலின் மேல் இருந்த லப்டொப்பின் திரையில் ஒரு நீலப் பட்டை எறும்பு வேகத்தில் ஊர்ந்தது.

"ஆரும் கை வைக்கப்படாது. பட்டை முடியிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மதியத் தொழுகையான ழுஹர் தொழப் போனாள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், முந்தைய நாள் மிச்சமிருந்த வட்டிலப்பம் அங்கேதான் இருந்தது. மாமி கதிரையில் காவல் இருந்தார்.

பிறகு நடந்ததை மாமியே தன் வாயால் சொன்னார். முனீப் நானா கதவடியில் வந்து நின்று, "மாமி, வயர் சூடாகுதா எண்டு ஒருக்காப் பார்க்கட்டா?" என்று கேட்டிருக்கிறார். மாமிக்குத் திடுக்கென்றது. திரையில் இருந்தது நீலப் பட்டை ஒன்று மட்டும்தான். ஆனால் அதற்குள்ளே நகர்ந்துகொண்டிருப்பவர்கள் முக்காடில்லாத பெண்கள் அல்லவா? கட்டிலின் கால்மாட்டில் மடித்திருந்த சவூதிப் போர்வையை உதறி, லப்டொப்பின் மேல் மூடியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லோரும் கொண்டுவருகிற, பூப்போட்ட, கம்பளியைவிடத் தடிப்பான போர்வை அது. இந்த ஊர்ச் சூட்டில் அதைப் போர்த்துபவர் யாருமில்லை; ஆனால் அது இல்லாத வீடும் இல்லை. கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதத்தில் அது முதன்முதலாக உபயோகத்துக்கு வந்தது.

நானா வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பற்றரியைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அவர் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டார். எந்தப் படகு, எந்தக் கடல், எப்படிக் கரை சேர்ந்தது எல்லாம் சொன்னார். அவர் போன பிறகும் திரும்பி வந்தாலும் வருவார் என்று மாமி போர்வையை எடுக்கவில்லை. நான் தேத்தண்ணியோடு வந்தபோது கட்டிலில் ஒரு மூட்டை கிடந்தது. யாரோ துணி மடிக்கிறார்கள் என்று நினைத்து, அதன் பக்கத்திலேயே தட்டை வைத்தேன்.

தொழுதுவிட்டு வந்த ஸுல்பிகா, "லப்டொப் எங்க?" என்றாள்.

மாமி பெருமையோடு மூட்டையைக் காட்டினார். "பயப்படாதே புள்ள. ஒரு கண்ணும் படாமப் பொத்தி வைச்சிருக்கன்."

போர்வையை இழுத்தால் அடியில் ரொட்டிக் கல் போல் சூடு. திரை கறுத்துக் கிடந்தது. யந்திரம் சூடு தாங்காமல் தானாகவே அணைந்திருந்தது. படகுப் பற்றரி மட்டும் பக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

ஆறவிட்டு மறுபடி பென் டிரைவில் கிளப்பிப் பார்த்தாள். முனீப் நானாவின் பக்கம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஸுல்பிகாவின் பக்கத்தில் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. அவள் என்னென்னவோ கட்டளை அடித்துப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.

"ஷிஃபானா?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

ஸுல்பிகா நிலத்தில் இருந்துவிட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "கரண்டுக்குக் காவல் வைச்சன். விண்டோஸைக் கெஞ்சி நித்திரையாக்கினன். எல்லாத்தையும் யோசிச்ச எனக்குப் போர்வையை யோசிக்கத் தெரியாமப் போச்சே, மாமி!" கத்தியவள் சட்டென்று நிறுத்தி மூச்சை இழுத்தாள். "நல்லவேளை, உங்கட பைக்குள்ள இருக்கு. அல்ஹம்துலில்லாஹ். இப்ப உலகத்தில அது ஒண்டுதான்."

எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இரண்டையும் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

பிறகு அவள் தாமதிக்கவில்லை. கெட்டுப்போன பகுதியைத் துடைத்தெறிந்து, கிடைத்த புது இடத்தையும் சேர்த்து ஒன்றாக்கி, அதே பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் புதிதாக ஏற்றினாள். இந்தத் தடவை லப்டொப் மேசையில் இருந்தது. நான் விசிறியைத் திருப்பி வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னரே பழையதைவிட விசாலமான வீடு ஒன்று வெறுமையாகத் தயாரானது. ஸுல்பிகா கையை நீட்டினாள்.

"டிஸ்க்கைத் தாங்க மாமி."

மாமி கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "தரமாட்டன்."

"தராம எப்படி மாமி வீடியோ செய்யிற?"

"இதை அதில குத்தி, இதுவும் போனா? நீ இப்பதானே சொன்னாய், உலகத்தில இது ஒண்டுதான் எண்டு. முதல்ல இதில இருந்து இன்னொரு கொப்பி எடு. அதுக்குப் பிறகு தாறன்."

"கொப்பி எடுக்கவும் குத்தத்தானே வேணும்!" என்று நான் இடையில் விழுந்தேன். சிரிக்கத்தான் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை.

"நாளைக்கு அவ போயிருவா புள்ள" என்றார் ஸுல்பிகாவைப் பார்த்து. "இனி எப்ப வருவாவோ. அவ அப்படி ஆடினதையும் சிரிச்சதையும் நான் அண்டைக்குத்தான் கண்டன். என்னைக் கண்டா அடங்கி இருக்கிற புள்ள அவ. இது இல்லாமப் போனா, நான் ஆரிட்டப் போய்க் கேப்பன்?"

ஊரையே ஓலைப்பெட்டியில் அடக்கிய மனிசி அழுதார். ஸுல்பிகா எழுந்துபோய் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தாள்.

"ரெண்டு கொப்பி எடுப்பம் மாமி. ஒண்டு புது வீட்டில இருக்கட்டும். மற்றதுக்கு வேற இடம் வேணும். இந்த யந்திரத்தில இண்டைக்கு முழுக்க ஒரு கீறலும் படாம இருந்தது ஒரே ஒரு பக்கம்தான்." அது நானாவின் பக்கம் என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை.

மாமி கதவைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் முனீப் நானா வேறொரு படகுப் பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்துக்குப் பூட்டு இருக்கா?" என்றார்.

"பாஸ்வேர்ட் போடலாம். நீங்களே போடலாம்."

டிஸ்க்கை மாமி தன் கையாலேயே செருகினார். பிரதி முடியும்வரை வயரைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார், யாரும் கால் தடக்கிவிடாமல். இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று வந்ததும், நானாவின் விண்டோஸைத் திறந்து கொடுத்தாள் ஸுல்பிகா. எங்கள் இருவரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மாமி விண்டோஸ் முழுவதுக்குமான பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். மாலையில் வீடியோ தயாரானது. அடுத்த நாள் ஷிஃபானா அதை எடுத்துக்கொண்டு பறந்தாள். போகும்போது தாயைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் படம் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

நானாவின் பக்கத்தில் இருந்த இரண்டாவது பிரதியை அழிக்கட்டுமா என்று அடுத்த வாரம் ஸுல்பிகா கேட்டபோது, மாமி கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். கொப்பி பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வருகிறாராம். லப்டொப்பைத் தானே திறந்து, பாஸ்வேர்டைத் தட்டி, ஷிஃபானா ஆடுகிற இடத்துக்குப் போய் நிறுத்தாமல் பார்ப்பார். பார்த்து முடித்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்து, ஒழுங்கு முறையாக அணைத்துவிட்டுப் போவார். பிரதியை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அடிக்கடி திறந்தும் பார்க்க வேண்டும் என்று ஸுல்பிகா சொல்வாள். இந்த ஊரில் அதைச் சரியாகச் செய்கிறவர் றஹ்மா மாமி ஒருவர்தான்.

கலியாண வீடுகளில் இப்போது மாமியே பெண்களின் தாய்மாரைப் பிடித்து வைத்துப் பேசுகிறார். ஒரு கொப்பியை நம்பாதீங்க, ரெண்டாவதை நீங்களே பூட்டி வையுங்க என்கிறார். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஸுல்பிகாவின் பழைய சட்டம் அப்படியே மாறிப் போயிற்று.

முனீப் நானாவின் நிலைமைதான் பரிதாபம். போன வெள்ளிக்கிழமை மாமி பார்த்து முடிக்கிற வரைக்கும் முற்றத்தில் காத்திருந்து, அவர் வெளியே வந்ததும் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "மாமி, அந்தப் பாஸ்வேர்டை ஒருக்காச் சொல்லுங்க. ஒரேயொரு மெச் விளையாடிப்போட்டு மூடிடுவன்."

மாமி செருப்பைப் போட்டுக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பொம்புளையள் இருக்கிற இடத்தில உங்களுக்கென்ன வேலை, மகன்?"